பயப்படாம உள்ள வாங்க

ஃபோனில் அந்த அக்கா முதலில் சொல்வது அதுதான். "பயப்படாம வாங்க." அதற்குப் பிறகுதான் வழி சொல்வார்.

"ஈஜிபுரா சிக்னல்ல திரும்பினா பேக்கரி. அதத் தாண்டி பச்ச கேட்டு. கேட்டப் பாத்ததும் வண்டிய ஸ்லோ பண்ணாதீங்க. ஸ்லோ பண்றவனத்தான் செக்யூரிட்டி உத்துப் பாப்பான். எங்கன்னு கேட்டா செவன் நாட் ஃபோர்னு சொல்லுங்க. சொல்றப்ப அவன் மூஞ்சியப் பாருங்க, உங்க செருப்பப் பாக்காதீங்க. கையில ஏதாச்சும் எடுத்துக்கோங்க. பழமோ ஃபைலோ, எதுனா. வெறுங்கையோட வர்றவன் மேலதான் எல்லாருக்கும் டவுட்டு."

இதையெல்லாம் எனக்கு இரண்டடி தள்ளி, லாபி சோஃபாவில் உட்கார்ந்துதான் சொல்வார். என் மேசை அந்த லாபியில் இருந்தது. அந்தக் கட்டடத்துக்கு வெளியாட்கள் யார் வந்தாலும், கேட்டில் செக்யூரிட்டி வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு என்னிடம் அனுப்புவார். நான் அவர்களை நோட்டில் பெயர் எழுதச் சொல்லி, இன்டர்காமில் வீட்டுக்காரரிடம் கேட்டு, கார்டைத் தேய்த்தால்தான் லிஃப்ட் கதவு திறக்கும். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை வேலை. ஆம்பூரில் பி.காம். முடித்துவிட்டு இந்தக் கன்னட ஊருக்கு வந்தவள் நான். ஈஜிபுராவில் ஒற்றை அறையில் தங்கையோடு குடியிருந்தேன். செக்யூரிட்டிகள் இந்தி பேசினார்கள், குடியிருப்பவர்கள் ஆங்கிலம் பேசினார்கள். என்னிடம் தமிழில் "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டது ஏழாவது மாடி அக்கா மட்டும்தான்.

நாற்பதைத் தாண்டியிருப்பார். காட்டன் சுடிதார், மூக்குக் கண்ணாடி, கிளிப் போட்டு அள்ளிய தலைமுடி. வங்கியில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கும் பெண்களில் ஒருவரைப் போல இருப்பார். இடது காது மடல் மட்டும் கீழே கிழிந்து, தைத்து ஆறியிருக்கும். அந்தக் காதில் கம்மல் போட மாட்டார். அவர் வீட்டுக் கதவில் ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்து தரப்படும் என்று ஆங்கிலத்தில் ஒரு சின்ன போர்டு இருந்தது. பகலில் ஆண்கள் வந்துபோவதற்கு அசோசியேஷனிடம் சொல்லியிருந்த காரணமும் அதுதான்.

முதல் இரண்டு மாதம் நானும் அதை நம்பினேன். வந்தவர்கள் கடைக்காரர்கள் மாதிரிதான் இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஏதாவது இருந்தது. ஆப்பிள், திராட்சை, மருந்துக் கடைக் கவர். ஒருநாள் ஒருவர் முழுப் பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு, முள் குத்தாமலிருக்க கழுத்தைச் சாய்த்தபடி லாபிக்குள் வந்தார். கேட்டிலிருந்த செக்யூரிட்டி கதவைத் திறந்துவிட்டு, கூடவே ஒரு கை பிடித்தும் கொடுத்தார். அக்கா சோஃபாவிலிருந்து எழுந்து, "இன்னாண்ணா இது, கையில ஏதாச்சும்னு சொன்னா தோட்டத்தையே தூக்கிட்டு வந்துட்டீங்க?" என்றார். அந்த மனிதர் வியர்வையோடு சிரித்தார். சிரித்தபடியே நோட்டில் கையெழுத்துப் போட்டார். அன்று எல்லா செக்யூரிட்டிகளும் பலாச்சுளை தின்றார்கள்.

புதிதாக யாராவது வருவதானால் அக்கா கீழே வந்துவிடுவார். காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, இப்போதுதான் கடையிலிருந்து வந்த மாதிரி உட்கார்ந்திருப்பார். வருகிறவர் என் மேசைக்கு முன்னால் நின்று, சுவரிலிருக்கும் கேமராவைப் பார்த்துத் திக்கினால் போதும். "வாங்கண்ணா, ட்ராஃபிக்கா? அண்ணிக்கு உடம்பு தேவலையா?" என்று அக்கா குரல் கொடுப்பார். அந்த ஒரு கேள்வியில் அந்த ஆள் யாருக்கோ உறவினர் ஆகிவிடுவார். தோள் இறங்கும். பேனா சரியாக ஓடும்.

எனக்கு விஷயம் தெரிந்தது ஒரு பெரியவரால். அறுபத்தைந்து வயதிருக்கும், இஸ்திரி போட்ட வெள்ளை அரைக்கைச் சட்டை. வியாழக்கிழமைகளில் பதினோரு மணிக்கு வருவார். முதல் நாள் கையெழுத்துப் போடும்போது பேனாவைக் கீழே தவறவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்தவர், என் மேசையோரம் நின்று மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, அந்த நோட்டுல என் பேர மட்டும் அடிச்சிட முடியுமா?"

"ஏன் சார்?"

அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. இவர்களெல்லாம் மேலே எதற்கு வருகிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறுநாள் அக்கா வந்தபோது அவர் முகத்தைப் பார்க்காமல் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"நீ இன்னா நெனைக்கிறியோ அது சரிதான். இப்ப இன்னா பண்ணப் போற? கம்ப்ளெயின்ட் எழுதறியா, டீ குடிக்க வர்றியா?"

மதிய இடைவேளையில் டீ குடிக்கப் போனேன். ஏன் போனேன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வீடு சுத்தமாக இருந்தது. மேசையில் உண்மையாகவே ஜி.எஸ்.டி. ரசீதுகள் கிடந்தன. வந்தவர்களில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஒருவர், போர்டை நம்பி இரண்டாம் முறை கணக்குப் புத்தகத்தையே கொண்டுவந்துவிட்டாராம். பொய் சொல்ல மனமில்லாமல் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு அவருக்குத் தாக்கல் செய்து கொடுத்ததாகச் சொல்லிச் சிரித்தார். "இப்ப ரெண்டுக்கும் என்கிட்டதான் வர்றாரு."

இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு கேமராவும் கேட்டும் இருக்கிற கட்டடத்தை ஏன் பிடித்தீர்கள், வருகிறவர்கள் பயப்படுகிறார்களே என்று கேட்டேன். அவர் காதைத் தொட்டுக் காட்டினார்.

"இங்கயே பின்னாடி சந்துல இருந்தேன், முன்னாடி. கேட்டு கெடையாது, ஆளு கெடையாது. கதவத் தட்டறவன் எவன்னு கதவத் தொறந்தாதான் தெரியும். தெரியறப்ப லேட்டாயிடும். இங்க வர்றவன் கேட்ல நிக்கணும், உன் முன்னாடி நிக்கணும், எழுதணும். பேரு பொய்யா எழுதட்டும், எனக்கு அது முக்கியமில்ல. அவன் மூஞ்சிய ரெண்டு பேரு பாத்தாச்சுல்ல, அது அவனுக்குத் தெரியும்ல. அது போதும் எனக்கு. அவங்களுக்கு அந்த கேமராவப் பாத்தா வயித்தக் கலக்குது. எனக்கு அதப் பாத்தாதான் தூக்கம் வருது."

அதனால்தான் அவ்வளவு பாடம் எடுத்தார். அவர்களுடைய பயத்தைப் போக்க வேண்டும், ஆனால் நோட்டை விட்டுவிடக் கூடாது.

அந்த நோட்டு ஒருமுறை வேலை செய்ததைப் பார்த்தேன். ஒரு மத்தியானம் இன்டர்காம் அடித்தது. எடுத்தால் அக்கா பேசவில்லை. பின்னால் ஓர் ஆண் கத்திக்கொண்டிருந்தான். ஏதோ உடையும் சத்தம் கேட்டது. பிறகு நோட்டைத் திறந்து, அக்கா ஸ்பீக்கரில் போட்டிருப்பார் என்ற நம்பிக்கையில் உரக்கப் படித்தேன். பெயர். வந்த நேரம். வண்டியின் நிறம், எண். "சார், உங்க வண்டி வழியில நிக்குது, செக்யூரிட்டிய மேல அனுப்பவா?" என்றேன். கத்தல் நின்றது. நான்கு நிமிடத்தில் அந்த ஆள் லிஃப்டிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் போனான். அக்கா அன்று மாலை கீழே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வருடம் அசோசியேஷன் நோட்டை எடுத்துவிட்டு ஆப் கொண்டுவந்தது. என் மேசையில் ஒரு டேப்லெட் வைத்தார்கள். வருகிறவர் ஃபோன் நம்பர் சொல்ல வேண்டும். அந்த நம்பருக்கு ஓ.டி.பி. வரும். பிறகு டேப்லெட்டே போட்டோ எடுக்கும். வீட்டுக்காரர் தன் ஃபோனில் அந்தப் போட்டோவைப் பார்த்து அனுமதித்தால்தான் லிஃப்ட்.

பொய்ப் பெயருக்கு இடமிருந்தது. பொய் நம்பருக்கு இல்லை. முகத்துக்கும் இல்லை. அக்கா ஃபோனில் இன்னும் பொறுமையாகப் பேசினார். "அந்த போட்டோ என் ஃபோனுக்குத்தான் வரும், நான் அழிச்சிடறேன், பயப்படாம வாங்க." சிலர் வந்தார்கள். பலர் பேக்கரி வரை வந்து, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். போட்டோ அசோசியேஷன் ஆபீசுக்கும் போகுமா என்று அந்தப் பெரியவர் கேட்டாராம். போகாது என்று அக்கா சொல்லியிருக்கிறார். போகும் என்பது அக்காவுக்குத் தெரியும்.

இரண்டாவது மாதம் குடியிருப்போர் வாட்ஸாப் குழுவில் யாரோ ஒருவர் படம் போட்டார். ஒன்பது ஆண்களின் முகங்கள், கட்டம் கட்டமாக. மேலே எங்கள் கட்டடத்தின் பெயர், வீட்டு எண் 704, கூடவே ஒரு கேள்விக்குறி. என் டேப்லெட் எடுத்த முகங்கள். எல்லாமே கொஞ்சம் கீழிருந்து எடுத்தவை என்பதால் எல்லாரும் பிடிபட்டவர்கள் மாதிரியே இருந்தார்கள். இரண்டாவது வரிசையில் நடுவில், வெள்ளைச் சட்டையில் அந்தப் பெரியவர். அந்தப் படத்துக்குக் கீழே ஒரு பெண், "இவரை எனக்குத் தெரியும், என் தோழியின் மாமனார்" என்று எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு பெரியவர் ஃபோனை எடுக்கவில்லை. அடுத்து வந்த மூன்று வியாழக்கிழமைகளிலும் அக்கா பதினோரு மணிக்குக் கீழே வந்து சோஃபாவில் உட்கார்ந்தார். லிஃப்டிலிருந்து இறங்கும் பெண்கள் அவரைப் பார்த்ததும் குழந்தைகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் எழுந்து போகவில்லை. மூன்றாவது வாரம் என்னிடம், "நான்தான் கண்ணு பயப்படாம வாங்கன்னு கூப்ட்டேன்" என்றார்.

வீட்டு ஓனர் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். வேறு இடம் பார்த்துப் போவதற்கு முன் அக்கா கொஞ்சம் பணம் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஆனால் கேட்டைத் தாண்டி வர ஒருவரும் தயாரில்லை. அக்கா முகம் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. நானாகத்தான் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை.

"அக்கா, பேஸ்மென்ட்ல சர்வீஸ் கேட்டு இருக்குல்ல, குப்பை வண்டி வர்றது? அந்தக் கார்டு என்கிட்டதான் இருக்கு. அங்க ஆப் கிடையாது. சர்வீஸ் லிஃப்ட்ல நேரா ஏழாவது மாடி."

"வேணாம்மா. எவனா இருந்தாலும் உன் மேசையத் தாண்டித்தான் வரணும்."

"நான்தான் நேர்ல பாக்குறேனே. எழுதறதுக்குப் பதிலா நான் பாத்துக்கறேன்."

"சும்மா இரு. உன் வேலைக்கு வேற வம்பு" என்று எழுந்து போய்விட்டார். ஒரு வாரம் கழித்து அவரே வந்தார். "ஒருத்தரு ஃபோன்ல நல்லாப் பேசறாரு. கேமரா இருந்தா வரமாட்டேங்கறாரு. ஒரே ஒரு தடவ" என்றார். அப்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

முற்பகல் பதினொன்றரை மணிக்கு நான் பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் போனேன். வந்தவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நீலக் கட்டம் போட்ட சட்டை, சுத்தமான ஷூ. "தேங்க்ஸ் சிஸ்டர்" என்றான். நல்ல குரல். குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே அவனை அழைத்துப் போய், கார்டைத் தேய்த்து, லிஃப்டில் ஏற்றினேன். அவன் முகத்தை நான் நன்றாகத்தான் பார்த்தேன். ஆனால் நான் பார்த்ததை அவன் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வழி காட்டுகிறவளை அவன் வேறெப்படிப் பார்ப்பான்?

ஆள் போனதும் அக்கா இன்டர்காமில் ஒரு அடி அடித்து வைப்பது வழக்கம். ஒரு மணியாகியும் அடிக்கவில்லை. நான் அடித்தேன், எடுக்கவில்லை. மேலே போய்க் கதவைத் தட்டினேன். ரொம்ப நேரம் கழித்து உள்ளிருந்து, "யாரு?" என்று கேட்டது. அவர் குரல் மாதிரியே இல்லை.

கதவைத் திறந்தவரால் நிற்க முடியவில்லை. ஒரு கண் மூடியிருந்தது. கீழ் உதடு பிளந்திருந்தது. இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். முழங்கைக்குக் கீழே அது இருக்கக் கூடாத கோணத்தில் இருந்தது. அறைக்குள் அவன் என்ன செய்தான் என்று அவர் சொன்னதை நான் எழுதப் போவதில்லை. போகும்போது இன்டர்காம் வயரைப் பிடுங்கிவிட்டு, "என்னை யாரு பாத்தா?" என்று கேட்டுச் சிரித்தானாம்.

ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். "போலீசுக்குப் போலாம் அக்கா" என்று அழுதேன்.

"போயி இன்னான்னு எழுதுவ? யாரு வந்தான்? நம்பரு எவன் பேர்ல இருக்கோ, தெரியாது. எப்படி உள்ள வந்தான்?" அங்கே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திறந்திருந்த அந்த ஒரு கண்ணால் என் முகத்தில் என்ன கண்டாரோ, சட்டென்று குரல் மாறிவிட்டது. கேட்டில் தடுமாறும் ஆண்களிடம் பேசுவாரே, அந்தக் குரல். "பயப்படாத கண்ணு. உன் பேரு எங்கயும் வராது. நான் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன். அவ்ளோதான். நீ பக்கத்து வீட்டுப் பொண்ணு. டாக்டர் கேட்டா அவர் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

நான் டாக்டரின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டார்.

இதை யாரிடமும் சொன்னதில்லை: அந்த ஆட்டோவில், அவர் கை முறிந்து என் மடியில் கிடக்கையில், அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பேஸ்மென்ட் கூரை மூலையில், கண்ணில் படாத மாதிரி ஒரு கேமரா உண்டு என்பது அவனுக்கும் அக்காவுக்கும் தெரியாது; அதில் நான் அவனுக்குக் கதவு திறந்துவிட்டது பதிவாகியிருக்கும். அவன் முகமும் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவு பதினைந்து நாளில் தானாக அழிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். ஒருமுறை ஆபீஸ் அறையில் யாருமில்லாதபோது கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் நின்றேன். பென் டிரைவ் கூடக் கொண்டுபோயிருந்தேன். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டேன். தங்கையின் காலேஜை நினைத்தேன், ஆம்பூரில் அப்பாவை நினைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நினைத்தது என் வேலையை மட்டும்தான். பதினைந்து நாள்களையும் ஒவ்வொன்றாக எண்ணினேன். பதினாறாவது நாள் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மாதக் கடைசியில் அக்கா காலி செய்தார். கையில் மாவுக்கட்டு. சாமான் ஏற்ற வந்த ஆட்கள் பிரதான லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று அசோசியேஷன் செக்ரெட்டரி சொல்லிவிட்டார். நான் அந்தச் சர்வீஸ் கேட்டைத் திறந்து கொடுத்தேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "பழைய சந்து பக்கம்தான். கேட்டு கீட்டு எதுவும் கெடையாது. யாருக்கும் பேஜாரு இல்ல" என்றார். நான் வந்து பார்க்கிறேன் என்றேன். "வராத" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் போகவுமில்லை. என் அறையிலிருந்து நடந்தால் பத்து நிமிடத் தூரம்தான்.

ஏழெட்டு மாதங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது மாடியில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். மத்தியானத்திலிருந்தே விருந்தாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். நான் தலை நிமிராமல் நம்பர் கேட்டுக் கேட்டு அடித்துக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் இங்க பாருங்க சார்" என்று டேப்லெட்டைத் திருப்பியபோது அவன் நின்றிருந்தான். பக்கத்தில் மனைவி. கையைப் பிடித்தபடி ஒரு பெண் குழந்தை. அவன் என்னை அடையாளம் கண்டதாகவே தெரியவில்லை. கேமராவைப் பார்த்துச் சிரித்தான். போட்டோவின் ஓரத்தில் குழந்தையின் பாதி முகமும் விழுந்தது. கீழே அவன் பெயர், அவன் நம்பர்.

கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அக்காவுக்கு ஃபோன் செய்தேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார்.

"அக்கா, அவன் வந்திருக்கான். குடும்பத்தோட. பேரு, நம்பர், போட்டோ எல்லாம் இருக்கு. சொல்லட்டுமா?"

அந்தப் பக்கம் தெருவில் யாரோ காய் விற்றுக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"அக்கா?"

"வேணாம்மா. பேரு சொல்லாத. சொல்லிட்டா அப்பறம் அது என் வாயில வந்துட்டே இருக்கும்." பிறகு, "குடும்பம்னா?" என்றார்.

"பொண்டாட்டி. ஒரு குழந்த."

"பொண்ணா?"

"ஆமாக்கா. ஆறு வயசு இருக்கும்."

அவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு அழைப்பைத் துண்டித்துவிட்டார். மறுபடியும் அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். அதன் பிறகு அந்த எண் ஒருபோதும் அடிக்கவில்லை.

நான் மேசைக்குத் திரும்பியபோது மூன்றாவது மாடியிலிருந்து அனுமதி வந்திருந்தது. பெயருக்கு நேரே பச்சை டிக். அவனுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. "சிஸ்டர், லிஃப்ட் எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

நடிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியாது. இந்த வழியாக அவன் வந்ததே இல்லை.

"வலது பக்கம் சார்" என்றேன். எழுந்துபோய்க் கார்டைத் தேய்த்து, குழந்தை உள்ளே போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.